கப்பல் இருந்தும் மரம் வராத காலம்

கேள்வி: எங்கள் வளவு வீட்டுத் தூண்களெல்லாம் பர்மா தேக்கு. இரண்டாம் உலகப் போரில் அந்த மரம் வராமல் போனது கப்பல்கள் மூழ்கியதால்தானே? – வாசகர், தேவகோட்டை

பதில்: அது மட்டுமில்லை. 1942 ஏப்ரலில் வங்கக் கடலில் ஜப்பானியர் 20க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தார்கள். ஆனால் மார்ச் 8ஆம் தேதியே ரங்கூன் அவர்கள் கைக்குப் போய்விட்டது. ஏற்றுகிற துறைமுகமே போனபின் கப்பல் இருந்தென்ன?

தட்டுப்பாடோ அதற்கு முன்பே தொடங்கியது. பல கப்பல்களை அரசு படை வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஆபத்தான கடலில் மற்றவை கூட்டமாகத்தான் போகவேண்டும். எல்லாம் சேரும்வரை காத்திருப்பு, இருப்பதிலேயே மெதுவான கப்பலின் வேகம்; போய்ச் சேர்ந்தால் ஒரே நாளில் குவிந்து, இறக்க ஆளும் கிரேனும் போதாது. ஒன்றுகூட மூழ்காவிட்டாலும் வருஷத்துக்கு நடை குறையும்.

தேக்கில் இன்னொரு சிக்கல். பச்சை மரம் மிதக்காது. அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெட்டி, 2, 3 ஆண்டுகள் நின்றபடியே காயவிட்டுத்தான் சாய்ப்பார்கள். பிறகு தெப்பமாகக் கட்டி பர்மாவின் ஐராவதி ஆற்றில் விடுவார்கள். ஓராண்டு வளையம் வெட்டாமல் விட்டால் அந்தக் குறை 3 ஆண்டு கழித்துத்தான் மரக்கடையில் தெரியும். அதனால், போர் முடிந்த கையோடு தூணுக்கு மரம் வந்து இறங்கிவிடாது.