பல்லில் ஒட்டியது நான்கே மாதத்தில் பெயர்ந்தது: கடலூரிலேயே வழக்குத் தொடரலாமா?

கேள்வி: நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். மேல்வரிசை முன்பற்களுக்கு இடையே இருந்த இடைவெளியை மறைக்க, புதுச்சேரியில் ஒரு பல் மருத்துவமனையில் காம்போசிட் பாண்டிங் (ரெசின் என்ற பல் நிறப் பொருளைப் பல்லில் ஒட்டும் சிகிச்சை) செய்துகொண்டேன். 18,000 ரூபாயை ஜிபேயில் செலுத்தினேன், ரசீது தரவில்லை. பத்து வருடத்துக்கு ஒன்றும் ஆகாது என்று வாட்ஸ்அப்பில் உறுதி சொன்னார்கள். நான்கே மாதத்தில் ஒரு பல்லில் ஒட்டியது பெயர்ந்துவிட்டது; மற்றொரு பல்லின் ஈறு வீங்கி, பல் துலக்கும்போதெல்லாம் ரத்தம் வருகிறது. மறுபடியும் முழுப் பணம் கேட்கிறார்கள். காவல் நிலையத்தில் புகார் தரலாமா? வழக்குக்காகப் புதுச்சேரிக்கு அலைய வேண்டுமா?

பதில்: ஈறு வீங்கியிருப்பதால் வேறொரு பல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். ஆனால் அவர் எதையும் தேய்த்து எடுப்பதற்கு முன், இரண்டு பற்களையும் ஈறோடு சேர்த்துப் படமெடுத்து, எக்ஸ்-ரே எடுத்து, தாம் கண்டதைத் தேதியிட்டு எழுதித் தரும்படி கேளுங்கள். உங்கள் வழக்கின் முதல் சாட்சி உங்கள் வாயில்தான் இருக்கிறது. பழைய ரெசினை அகற்றிய பிறகு அதை எவராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

பெயர்ந்ததை மட்டும் வைத்துக் கவனக்குறைவை நிரூபிப்பது கடினம். பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் சொரசொரப்பாக்கி, பிசின் தடவி, ரெசினை அடுக்கடுக்காக வைத்து, நீல ஒளியில் இறுகச் செய்வதே இந்தச் சிகிச்சை. இடையில் எச்சில் பட்டிருந்தால் ஒட்டு நிற்காது என்பது உண்மையே. ஆனால் நகம் கடிப்பது, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது, முறுக்கை முன்பல்லால் உடைப்பது ஆகியவற்றாலும் நன்றாகச் செய்த ஒட்டு பெயரும் என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஈறு விஷயம் அப்படியல்ல. ரெசின் ஈறோரத்தில் திண்ணைபோல் துருத்திக்கொண்டிருந்தால் அங்கே அழுக்குத் தங்கி ஈறு வீங்கும். பல்லிடுக்கில் விடும் நூல் அந்த இடத்தில் சிக்கி இழைபிரியும். இதை இன்னொரு மருத்துவர் கருவியால் தொட்டுப் பார்த்தே எழுதித் தர முடியும் என்பதால், புகாரின் முதுகெலும்பாக இதையே வையுங்கள்.

காவல் நிலையம் வேண்டாம். மருத்துவர்மீது குற்ற வழக்கு நிற்க மிகக் கடுமையான கவனக்குறைவு தேவை என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-இல் கூறிவிட்டது. உங்களுக்குரிய இடம் நுகர்வோர் ஆணையம். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் நீடித்திருந்தால் நீங்கள் புதுச்சேரிக்குத்தான் போயிருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவோ, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர அனுமதிக்கிறது. ஆகவே கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை; வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. காலவரம்பு 2 ஆண்டுகள். பாதுகாப்புக்காக, சிகிச்சை நடந்த நாளிலிருந்தே அதைக் கணக்கிடுங்கள்.

ரசீது தராததே அந்தச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. பணம் கொடுத்ததற்கு வங்கிக் கணக்கு விவரம் போதும். காம்போசிட் சில ஆண்டுகளிலேயே பழுதுபார்க்க வேண்டிவரலாம் என்பதையும், வேறு என்ன சிகிச்சைகள் உண்டு என்பதையும் உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். 2008-இல் சமீரா கோலி வழக்கின் தீர்ப்பு இதைத் தெளிவாக்குகிறது. சொல்லாததோடு பத்து வருட உறுதியும் தந்திருக்கிறார்கள்.

முதலில் சிகிச்சைக் குறிப்புகளின் நகலையும் பணத்தையும் கேட்டு, 15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் அனுப்புங்கள். கட்டிய தொகை, ஈறுச் சிகிச்சைச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் கேட்டால் உண்மையான குறையும் எடுபடாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், வழக்கு முடியும்வரை அந்தக் கைப்பேசியையும் மாற்றாதீர்கள். அச்செடுத்த பக்கங்களோடு, பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் (சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குத் தரவேண்டிய சான்றிதழையும் இணைத்தே தாக்கல் செய்யுங்கள்.