முள் பச்சையில் இருக்கிறது, ஆனால் சீல் அறுந்திருக்கிறது

பயணிகள் ஏறும் முன் பார்த்தபோது விமானத்தின் பின்பக்க கேலியில் (உணவு தயார் செய்யும் இடம்) இருந்த ஹேலான் தீயணைப்பானின் சீல் கம்பி அறுந்திருந்தது, "முள் பச்சையில் இருக்கிறதே, விடு" என்று சீனியர் சொன்னார், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை.

அழுத்தமானியின் முள் காட்டுவது அழுத்தத்தை மட்டும்தான், தீயை அணைக்கும் சரக்கு எவ்வளவு மிச்சம் என்பதை அல்ல. அந்தச் சரக்கான ஹேலான் 1211 உள்ளே திரவமாக இருக்கும்; அதை வேகமாகத் தள்ள நைட்ரஜன் ஏற்றியிருப்பார்கள். திரவம் கொஞ்சம் குறைந்தாலும் முள் அதை ஒழுங்காகச் சொல்லாது. அதனால்தான் பட்டறையில் தராசில் வைத்து, லேபிளில் உள்ள எடையோடு ஒப்பிடுகிறார்கள். ஆக்சிஜன் சிலிண்டரில் கதை வேறு. அதில் இருப்பது வெறும் வாயு, அதனால் முள்ளை நம்பலாம். குளிரான காலையில் கொஞ்சம் இறங்கிக் காட்டும், அவ்வளவுதான்.

சீல் அறுந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே புதுக் கம்பி கட்டிவிடாதீர்கள் (பார்த்திருக்கிறேன்!). கேப்டனிடம் சொல்லி லாக்புக்கில் ஏற்றுங்கள். மாற்றுவதா, அது இல்லாமலே கிளம்பலாமா என்பதை எம்.இ.எல். (எந்தக் கருவி இல்லாமல் விமானம் கிளம்பலாம் என்று சொல்லும் பட்டியல்) பார்த்துப் பொறியாளரும் கேப்டனும் முடிவு செய்வார்கள். சீனியரின் வேலை இல்லை அது.

அப்புறம், "தீயணைப்பான் பழுது" என்று மொட்டையாக எழுத வேண்டாம். எந்த இடம், சீரியல் எண், சீல் அறுந்த நிலை, முள் நின்ற இடம், பாதுகாப்பு ஊசி (pin) இருந்ததா இல்லையா, எல்லாவற்றையும் எழுதுங்கள். பொறியாளர் மாற்று சிலிண்டரோடு நேரே அங்கே வந்துவிடுவார்.