சூப்பர்வைசரைப் பிடித்துவிட்டார்கள், முதலாளியை எப்படிப் பிடிப்பது?

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. போன மாதம் நள்ளிரவில் வாயு கசிந்து, அப்பா மூச்சுத் திணறி இறந்துவிட்டார். ஷிஃப்ட் சூப்பர்வைசரை மட்டும் கைது செய்திருக்கிறார்கள். கம்பெனி சார்பில் வந்தவர், ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டால் 3 லட்சம் தருவதாகச் சொல்கிறார். போட்டால் கேஸ் போய்விடுமா? நிர்வாக இயக்குநரைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியுமா?

பதில்: முதலில், கையெழுத்துப் போடாதீர்கள். இப்படிப்பட்ட தாள்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். ‘முழு மற்றும் இறுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரி இருக்கும். ‘கம்பெனி மீதோ இயக்குநர்கள் மீதோ எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டேன்’ என்று இன்னொரு வரி. இரண்டாவது வரியால் குற்ற வழக்கு போய்விடாது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது, அதாவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 106-ஆவது பிரிவு, நீங்களும் கம்பெனியும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றமல்ல. வழக்கை நடத்துவது அரசு. ஆபத்து முதல் வரியில்தான். நாளை நஷ்டஈடு கேட்டுப் போனால் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

அடுத்து புரோக்கர்கள் வருவார்கள். “கலெக்டர் ஆபீஸில் நம்ம ஆள் இருக்கார், கிடைப்பதில் முப்பது சதவீதம் கொடுத்தால் போதும்” என்பார்கள். இதற்கு ஆள் எதற்கு? 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலேயே கலெக்டரிடம் நீங்களே நிவாரணம் கேட்கலாம். விபத்து நடந்து 5 வருடத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். தொகை சிறியதுதான், ஆனால் அதை வாங்கியதால் மற்ற நஷ்டஈட்டு உரிமை எதுவும் போகாது. பெரிய தொகைக்கு, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. தென் மண்டல அமர்வு சென்னையில். சதவீதம் பேசும் வக்கீலையும் நம்பாதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதியே தடை செய்கிறது. தொழிற்சாலை விபத்தில் பாதிக்கப்பட்டவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள், அல்லது 15100-க்குப் போன் போடுங்கள். இதைப் பாதிக்கப்பட்டவர்களிடம் யாரும் போய்ச் சொல்வதில்லை. சொன்னால் புரோக்கர் பிழைப்பு என்னாவது?

சரி, நிர்வாக இயக்குநர் விஷயம். முடியும், ஆனால் தானாக நடக்காது. போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். கம்பெனியின் தொழிற்சாலை என்றால், ‘ஆக்குபையர்’ எனப்படும் பொறுப்பாளர் இயக்குநர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். மேனேஜரைக் காட்டித் தப்ப முடியாது. 1996-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது. உங்கள் தொழிற்சாலையில் அது யார் என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள்.

அதெல்லாம் பாதுகாப்பு விதிகளை மீறிய வழக்குக்கு. மரண வழக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இயக்குநர் என்ற பதவிக்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டமே அவரைப் பொறுப்பாக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் குற்றத்தில் அவருக்கு நேரடிப் பங்கு இருந்ததாகக் காட்ட வேண்டும். “நான் சென்னை ஆபீஸில் இருந்தேன், வால்வு பழுதானது எனக்கு எப்படித் தெரியும்?” என்பார். அந்த வாயை அடைப்பது காகிதம்தான். விபத்துக்கு முன்பே நாற்றம், கண் எரிச்சல் என்று தெருவில் யாராவது புகார் கொடுத்தார்களா? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நோட்டீஸ் அனுப்பியதா? பராமரிப்புச் செலவைத் தள்ளிப்போடச் சொல்லி மேலிடத்திலிருந்து மெயில் வந்ததா? முதல் இரண்டையும் நீங்கள் தேடலாம். மூன்றாவதைக் கைப்பற்ற வேண்டியது போலீஸ். அதைச் செய்யும்படி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். போலீஸ் இப்போது அவரை விட்டுவிட்டாலும், கோர்ட் விசாரணையில் சாட்சியம் வந்தால் நீதிமன்றமே புதிதாக ஒருவரைக் குற்றவாளியாகச் சேர்க்க முடியும்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் உடனே வாங்கிப் பாருங்கள். இறப்புக்குக் காரணம் ‘மாரடைப்பு’ என்று மட்டும் எழுதி, வாயுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாவிட்டால் வழக்கு அங்கேயே நொண்டும். உள்ளுறுப்பு மாதிரிகள் ரசாயனப் பரிசோதனைக்குப் போனதா என்று கேளுங்கள்.

தண்டனை பற்றிப் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். 1984-ல் நடந்த போபால் விபத்துக்கு 2010-ல் தீர்ப்பு வந்தது. ஆளுக்கு 2 வருடச் சிறை, 1 லட்சம் அபராதம், அன்றைக்கே ஜாமீன். இன்று 106-ஆவது பிரிவில் 5 வருடம் வரை போடலாம். ஆனால் இந்தப் பிரிவு வந்த அதே காலத்தில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் விதிமீறலுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, அதிகபட்சம் 15 லட்சம் அபராதம் என்று மாற்றிவிட்டார்கள். பெரிய கம்பெனிக்கு 15 லட்சம் ஒரு செலவா?

முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களிடம் இருக்கிறதா? புகார் கொடுத்தவருக்கு அதை இலவசமாகத் தர வேண்டும். 106 மட்டும்தான் இருக்கிறதா, நச்சுப்பொருளைக் கவனக்குறைவாகக் கையாண்டதற்கான 286-உம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.