எல்லைப்புறத்துத் தமிழ் மீடியம் மாணவிக்கு எந்தத் திறன் தேர்வு?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். மகள் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் எட்டாம் வகுப்பு சேர்ந்திருக்கிறாள். கணக்கும் அறிவியலும் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு. பொள்ளாச்சியில் ஒரு தனியார் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு வருடம் 'ஒலிம்பியாட், என்.டி.எஸ்.இ., கே.வி.பி.ஒய்., ஜே.இ.இ.' எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பயிற்சி தருகிறார்களாம். அதற்குப் பள்ளியை மாற்ற வேண்டும். என் தங்கை வீடு அங்கேதான், தங்க இடம் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம் போனால் சலுகைகளும் கிடைக்கும் என்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: அவர்கள் சொல்லும் நான்கு பெயர்களில் இரண்டு தேர்வுகள் இப்போது நடப்பதில்லை. என்.டி.எஸ்.இ. என்ற தேசியத் திறனாய்வுத் தேர்வை 1963 முதல் என்.சி.இ.ஆர்.டி. நடத்திவந்தது. 2021 மார்ச்சோடு அந்தத் திட்டத்தை மத்திய அரசு நிறுத்திவைத்தது. அறிவியல் படிப்போருக்கு உதவித்தொகை தந்த கே.வி.பி.ஒய். தேர்வு 2022-இல் முடிந்து, இன்ஸ்பயர் என்ற மத்திய அரசின் அறிவியல் உதவித்தொகைத் திட்டத்துக்குள் போய்விட்டது. நடக்காத தேர்வுக்குப் பயிற்சி என்று எழுதி வைத்திருப்பவர்களிடம் பணம் கட்டும் முன் ஒவ்வொரு பெயரையும் சுட்டிக்காட்டிக் கேளுங்கள்: இந்தத் தேர்வை நடத்துவது யார், எந்த மாதம் நடக்கிறது, போன வருட வினாத்தாள் எங்கே? மூன்றுக்கும் பதில் வராத பெயரை அடித்துவிடுங்கள். பள்ளிகளில் கட்டணம் வாங்கி நடத்தும் 'ஒலிம்பியாட்' தேர்வுகள் பலவும் இதே ரகம்தான். மெடலும் சான்றிதழும் தருவார்கள். இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் படிகளோடு அவற்றுக்குச் சம்பந்தம் கிடையாது.

அடுத்தது எல்லை விஷயம். இதில்தான் நம் பக்கத்துக் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன. மாநில அரசின் திறன் தேர்வுகளில் வீடு எந்தப் பக்கம், சொந்தக்காரர் எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை. பள்ளி எந்த மாநிலத்தில், எந்த வகையில் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். தமிழ்நாட்டின் ஊரகத் திறனாய்வுத் தேர்வும், பதினொன்றாம் வகுப்பில் வரும் முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வும் அந்த மாநிலப் பள்ளி மாணவருக்கானவை. முதலமைச்சர் தேர்வில் 500 மாணவர், 500 மாணவியருக்கு வருடம் 10,000 ரூபாய் வீதம் பட்டப்படிப்பு வரை தருகிறார்கள். ஆனால் அது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. பொள்ளாச்சித் தனியார் பள்ளியில் சேர்ந்தால் அதுவும் இல்லை. மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். ஒன்பதில் எல்லை தாண்டும் பிள்ளைக்கு அந்த வாசல் ஏற்கெனவே மூடியாயிற்று.

இங்கேயே இருந்தால் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதலில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு. எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு முறை எழுதுவது இது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக்கூடாது. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். அரசு, உதவிபெறும் பள்ளிகளில் படித்தால்தான் பணம் வரும். தனியார் பள்ளிக்கோ, கேந்திரிய வித்யாலயாவுக்கோ, நவோதயாவுக்கோ மாறினால் நின்றுவிடும். ஆக, பொள்ளாச்சிக்கு மாற்றினால் கட்டணம் போவதோடு நான்கு வருடத்தில் 48,000 ரூபாயையும் விடுகிறீர்கள்.

இந்தத் தேர்வு கேரளத்தில் தமிழ் வினாத்தாளோடு நடக்கிறது. மனத்திறன் 90 கேள்வி, பாடத்திறன் 90 கேள்வி, தலா 90 நிமிடம். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் விழுகிற இடம் பாடத்திறன் தாள். அதில் கணக்கு 20 கேள்விதான். அறிவியல் 35, சமூக அறிவியல் 35. 'சமூகம் பார்த்துக்கலாம்' என்று விட்ட பிள்ளை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கோட்டைவிடும். உங்கள் மகளைத் தினமும் அரை மணி நேரம் வரலாறும் புவியியலும் படிக்க வையுங்கள். அவளுக்குப் பிடிக்காது, இந்த வருடம் மட்டும் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஜெயித்த பிறகும் பணம் வராமல் போவது உண்டு. காரணம் பெரும்பாலும் பெயர்தான். நம் தமிழ்ப் பெயர்களில் இனிஷியல் பள்ளிப் பதிவேட்டில் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பாஸ்புக்கில் வேறு மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் இதை மூன்று ஆளாக எண்ணிக்கொள்ளும். மூன்றிலும் ஒரே எழுத்துக்கோவை இருக்கும்படி இப்போதே சரிசெய்து, மகள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கை ஆதாரோடு இணைத்து வையுங்கள். தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றிலும் தொடரும்.

இது பணத்துக்கான தேர்வு. அறிவுக்குத் தீனி போடுவது ஐ.ஓ.க்யூ.எம். சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் முதல் படி அதுதான். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் பொறுப்பில் நடக்கும் இந்த வரிசையில், முதல் படியை இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்துகிறது. எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள் எழுதலாம். செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வு. பதிவு அதற்கு முந்தைய மாதங்களிலேயே முடிந்துவிடும். அதில் தேறினால் வட்டார ஒலிம்பியாட்: மூன்று மணி நேரம், ஆறே கேள்வி, முழு நிரூபணம் எழுத வேண்டும். அதன்பின் ஜனவரியில் தேசிய ஒலிம்பியாட், பிறகு பயிற்சி முகாம், கடைசியில் ஆறு பேர் அணி. கேரளம் தனி வட்டாரம். இங்கே படித்தால் போட்டி கேரளப் பிள்ளைகளோடு.

பதிவு செய்யும் முன் ஒரு சோதனை வையுங்கள். 2026 ஏழுகளை ஒன்றோடொன்று பெருக்கினால், அதாவது 7-இன் 2026-ஆவது அடுக்கில், கடைசி இரண்டு இலக்கம் என்ன? கால்குலேட்டர் கூடாது, நேரக் கெடுவும் வேண்டாம். 07, 49, 43, 01 என்று நான்கு முறையில் சுற்றி வருவதைப் பிள்ளை கண்டுபிடிக்கும். 2026-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 2, விடை 49. இதுவரை வருவது நல்ல மாணவி. நீங்கள் கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு. '3-ஐ எடுத்தால் எத்தனையில் சுற்றும்?' என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடுங்கள். 03, 09, 27, 81, 43 என்று எழுதிக்கொண்டே போனால் இருபதாவது இடத்தில்தான் 01 வரும். 7-க்கு நான்கு, 3-க்கு ஏன் இருபது என்று அவளாக வந்து கேட்டால், அந்தப் பட்டியலில் 15-ஆவது இடத்தில் 07 உட்கார்ந்திருப்பதைக் காட்டுங்கள். 7-ஆல் ஒரு முறை பெருக்குவது இந்தப் பட்டியலில் 15 இடம் தாவுவது மாதிரி. 15, 30, 45, 60 எனத் தாவும்போது 20-இன் மடங்கு முதலில் அகப்படுவது நான்காவது தாவலில். அதனால்தான் 7-க்கு நான்கு. இதைக் கேட்டு முகம் மலர்கிற பிள்ளைக்கு ஒலிம்பியாட் ஏற்றது. விடை சரியா என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிற பிள்ளை குறைந்தவள் அல்ல. அவளுக்கு வேகத் தேர்வுகள் பொருந்தும்.

அறிவியல் பக்கம் சாய்வா என்று பார்க்க ஒரு நூலும் இரும்பு நட்டும் போதும். ஒரு மீட்டர் நூலில் கட்டி லேசாக ஆட்டினால் போய்த் திரும்பும் பத்து ஆட்டத்துக்குச் சுமார் 20 விநாடி. கால் மீட்டராக்கினால் 10 விநாடி. நீளம் கால் பங்கானால் நேரம் ஏன் பாதியாகிறது என்று நட்டை மாற்றி, நீளத்தை மாற்றித் தானே அளக்கிறாளா பாருங்கள். அப்படியானால் அடுத்த வருடம் என்.எஸ்.இ.ஜே.எஸ். எழுதட்டும். சர்வதேச இளநிலை அறிவியல் ஒலிம்பியாடுக்கான முதல் படித் தேர்வு அது. இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பரில் நடத்துகிறது. இளநிலை அறிவியல் ஒலிம்பியாடுக்கு வயது வரம்பு கண்டிப்பானது: போட்டி நடக்கும் வருடம் டிசம்பர் 31 அன்று 16 நிறைந்திருக்கக்கூடாது. 'பத்தாவதில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்ட பிள்ளைகள் பலர் வயதாலேயே வெளியே நிற்கிறார்கள். பாடம் பத்தாம் வகுப்பு வரை வருவதால் ஒன்பதில் இருப்பவள் ஒரு வருடம் முன்னால் படிக்க வேண்டியிருக்கும்.

ஐ.ஓ.க்யூ.எம். தாள் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரம், 30 கேள்வி, 100 மதிப்பெண். பத்துக் கேள்விக்கு தலா 2, பத்துக்கு 3, பத்துக்கு 5. விடை எல்லாமே 00-இலிருந்து 99-க்குள் ஒரு முழு எண். தவறுக்குக் கழிவு இல்லை. விடை 7 என்றால் ஓ.எம்.ஆர். தாளில் 07 என்று இரண்டு வட்டத்தையும் நிரப்ப வேண்டும். பத்தாம் இடத்தைக் காலியாக விடுவது முதல்முறை எழுதுபவர்களின் வழக்கமான தவறு. எட்டாம் வகுப்புப் பிள்ளை 2, 3 மதிப்பெண் கேள்விகளோடு இரண்டு மணி நேரம் போராடிவிட்டு வந்தால் போதும். இந்த வருடம் அடுத்த படிக்குப் போக வேண்டும் என்று அவளை நெருக்காதீர்கள்.

தமிழ் மீடியம் பிள்ளைக்கு உண்மையான தடை கணக்கில் இல்லை, தாளின் ஆங்கிலத்தில் இருக்கிறது. 'பாசிட்டிவ் இன்டிஜர்' என்றால் 0 சேராது. 'நான் நெகட்டிவ் இன்டிஜர்' என்றால் 0 சேரும். 'அட் மோஸ்ட் 5' என்றால் 5 அல்லது அதற்குக் குறைவு. 'டிஸ்டிங்க்ட்' என்றால் ஒன்றுக்கொன்று வேறானவை. இந்த நான்கில் ஒன்றைத் தப்பாக எடுத்தாலே, வழி முழுக்கச் சரியாக இருந்தும் விடை பிசகும். ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், அதன்கீழ் ஒரு எண் உதாரணம் என்று பழைய தாள்களிலிருந்து எடுத்து எழுதட்டும். நூற்றைம்பது சொல்லுக்குள் அடங்கிவிடும். சிந்தனை தமிழிலேயே ஓடட்டும். அதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

வாரத்துக்கு ஐந்து மணி நேரம் போதும்: எண்ணியல், இயற்கணிதம், வடிவியல், எண்ணிக்கைக் கணக்கு, நான்கையும் மாற்றி மாற்றி. ஒரு கணக்கோடு நாற்பது நிமிடம் மல்லுக்கட்டிய பிறகுதான் தீர்வைப் பார்க்க வேண்டும். தீர்வு வீடியோவை வரிசையாகப் பார்க்கிற பிள்ளைக்கு எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், தாளில் கை ஓடாது. பழைய வினாத்தாள்களும் தீர்வுகளும் ஹோமி பாபா மையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. கட்டணப் பயிற்சி தேவையென்றால் ஒன்பதாம் வகுப்பில், ஞாயிறு மட்டும் வருகிற மாதிரி பாருங்கள். பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். ஆசிரியர் பிள்ளைகள் எழுதிய நிரூபணத்தைத் திருத்தித் தருகிறாரா, பலகையில் தானே போட்டுவிட்டுப் போகிறாரா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று இஸ்ரோவின் யுவிகா. 2019-இல் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மே மாதம் இரண்டு வாரம் இஸ்ரோ மையங்களில் தங்கிப் படிக்கும் முகாம். திருவனந்தபுரமும் ஸ்ரீஹரிகோட்டாவும் அவற்றில் உண்டு.  தேர்வில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 சதவீதம், ஊராட்சிப் பகுதிப் பள்ளிக்கு 15, இணையவழி வினாடிவினாவுக்கு 10. அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டுக்கு நிலைக்கேற்ப. அந்த 15 சதவீதம் உங்கள் ஊர்ப் பள்ளி ஊராட்சியில் இருப்பதாலேயே அவளுக்குக் கிடைக்கும். இந்த வருட முழு ஆண்டுத் தேர்வு அதற்காகவும் முக்கியம். பள்ளியில் கிரேடு மட்டும் தந்தால், மதிப்பெண் எண்ணாக வருமாறு தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்கி வையுங்கள். உபஜில்லா சாஸ்திர மேளாவில், அதாவது துணை மாவட்ட அளவிலான பள்ளி அறிவியல் கண்காட்சியில், பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சான்றிதழ் இங்கே உதவும்.

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ.யை இப்போது யோசிக்க வேண்டாம். ஆனால் எல்லைப்புறத்தார் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு: ஜே.இ.இ. மெயினில் தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மையங்களில் மட்டும்தான். பாலக்காட்டு மையத்தில் தமிழ் கிடைக்காது. பதினொன்றில் எந்த மொழியில் எழுதுவது என்று முடிவெடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். ஆராய்ச்சி ஆசை இருந்தால் ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் சேர்க்கைத் தேர்வு தனி: நான்கு பாடம், தலா 15 கேள்வி, சரிக்கு 4, தவறுக்குக் கழிவு 1. ஏழு ஐசர்களில் ஒன்று திருவனந்தபுரம் விதுராவில், ஒன்று திருப்பதி அருகே ஏர்ப்பேட்டில். கணக்கிலேயே மனம் நின்றுவிட்டால் சிறுசேரி சென்னைக் கணிதவியல் கழகமும் பெங்களூர் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் (ஐ.எஸ்.ஐ.) தனித்தனித் தேர்வு வைக்கின்றன. ஒலிம்பியாட் கணக்கில் பழகிய கை அங்கே நேராகவே பயன்படும்.

ஆகவே இந்த வருடம் பள்ளியை மாற்றாதீர்கள். என்.எம்.எம்.எஸ். ஒன்று, பயமில்லாமல் ஐ.ஓ.க்யூ.எம். ஒன்று, இரண்டு மட்டும். வருமானச் சான்றிதழுக்கு, கேரள அரசின் இணைய சேவை மையமான அக்ஷயா சென்டரில் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். என்.எம்.எம்.எஸ். அறிவிப்பு வந்தபின் போனால் வில்லேஜ் ஆபீசில் எல்லோருமாகக் குவிந்து நாள் இழுக்கும். போகும்போது மகளின் ஆதாரையும் பாஸ்புக்கையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்; பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அங்கேயே ஒத்துப்பார்த்துவிடலாம்.