அறுபது மணி நேர வாரம் – கடிதம்

வணக்கம்.

நான் ஐரோப்பாவில் முதுகலை படிக்கிறேன். இரண்டாண்டுப் படிப்பு, இப்போது எட்டாவது மாதம். சனி, ஞாயிறு பகல் முழுக்கவும் நடுவில் ஒரு மாலையும் ஒரு கிடங்கில் பார்ட் டைம் வேலை, வாரம் 20 மணி நேரம். மற்ற நாட்களில் வகுப்பு விட்டு வந்து அசைன்மென்ட்டைத் திறந்தால் வீட்டிலிருந்து வீடியோ கால் வந்துவிடும். தினமும் பேசாவிட்டால் அம்மா பதறிவிடுவார். போனைச் சாய்த்து வைத்துவிட்டு நான் டைப் செய்துகொண்டிருப்பேன், அம்மா என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படியே இரண்டு மணி நேரம் போகும். கூடப் படிப்பவர்கள் வெளியே கூப்பிட்டால் பெரும்பாலும் போவதில்லை. போனால் படிக்கவில்லையே என்று உறுத்துகிறது. போகாவிட்டால், இவ்வளவு கடன் வாங்கி வந்து இந்த அறையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேனா என்று அழுகை வருகிறது. எனக்கு நேரத்தை நிர்வகிக்கத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். படிப்பையும் சொந்த வாழ்க்கையையும் எப்படிச் சமாளிப்பது? இந்தப் பருவத்தில் ஒரு பாடத்தை விட்டுவிடலாமா? விட்டால் தோற்றுப்போனதாக ஆகிவிடாதா?

க.

அன்புள்ள க.,

முதலில் ஒரு கணக்கு. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஒரு பருவத்துக்கு வழக்கமாக 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள். வகுப்பில் உட்காருவது, வாசிப்பது, எழுதுவது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் இதில் சேர்த்தி. ஆக, பருவத்துக்கு 750 முதல் 900 மணி நேரம். தேர்வு நாட்களையும் சேர்த்து 20 வாரம் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு ஏறக்குறைய 40 மணி நேரம் வருகிறது. முழுநேர வேலை ஒன்று பார்ப்பதற்குச் சமம். அதன் மேல் கிடங்கு 20. சமையல், துணி, விசா காகிதங்கள், அறை நண்பர்களோடு குப்பை கொட்டும் முறை பற்றிய பேச்சுவார்த்தை எல்லாம் இந்த 60-க்கு வெளியே. வீடியோ கால் இன்னொரு 14.

இதில் நிர்வகிக்க என்ன மிச்சமிருக்கிறது? உங்களைக் குறை சொல்லிக்கொள்வதை முதலில் நிறுத்துங்கள். நிறம் நிறமாகக் கால அட்டவணை போட்டுத்தரும் செயலிகள் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அட்டவணை போடுவதிலேயே ஒரு மாலை போய்விடும், அடுத்த வாரம் புது அட்டவணை. எதையாவது குறைத்தால்தான் ஆகும். எதை என்பதுதான் கேள்வி.

வேலையிலிருந்து தொடங்கலாம். மாணவர் விசாவில் வேலைக்கு ஒரு வரம்பு பல நாடுகளில் உண்டு. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பருவக் காலத்தில் வாரம் 20 மணி நேரம், கனடாவில் 2024 நவம்பரிலிருந்து 24, ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு 48. ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் என்று கணக்கு. இவை உச்சவரம்புகள். ஆனால் நம் பிள்ளைகள் இதை இலக்காக எடுத்துக்கொள்கிறார்கள். சட்டம் 20 என்றால் 20 செய்தே தீர வேண்டும், 12 செய்தால் சோம்பேறி என்று ஒரு நினைப்பு. சிலர் இதையும் தாண்டிக் கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். விசாவே போய்விடும், அந்தப் பக்கம் போகாதீர்கள். விடுமுறையில் சேர்த்துச் சம்பாதிக்கலாம் என்று நினைப்பவர்களும் விதியைச் சரியாகப் படித்துவிட வேண்டும். பிரிட்டனில் ஓராண்டு முதுகலை படிப்பவர்களுக்கு ஆய்வேடு எழுதும் கோடைக்காலமும் பருவக் காலம்தான், அப்போதும் அதே 20 தான்.

உங்கள் 20 மணி நேரத்தில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எத்தனை தேவை, ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று நீங்களே வைத்துக்கொண்டது எத்தனை என்று எழுதிப் பாருங்கள். இரண்டாவது வகையில் ஒரு ஷிஃப்ட் கிடைத்தால் அதை விட்டுவிடுங்கள், வார இறுதியில் ஒரு நாள் திரும்பக் கிடைக்கும். முழுக்கவே அவசியம் என்றால் சரி, அப்போது மதிப்பெண்ணில்தான் கை வைக்க வேண்டும். பருவத்துக்கு ஒரு பாடத்தில் பாஸ் போதும் என்று முன்கூட்டியே முடிவெடுத்துவிடலாம். எல்லாப் பாடத்திலும் முதலிடம் வாங்கிப் பழகியவர்களுக்கு இது கசக்கும். ஆனால் எந்தப் பாடம் என்று நீங்கள் முடிவெடுக்காவிட்டால், கடைசி வாரத்துத் தூக்கமின்மை முடிவெடுக்கும்.

அடுத்து அழுகை. 1955-ல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர், நார்வேயிலிருந்து ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசின் உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்தவர்களை ஆராய்ந்தார். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் ஓரளவு நன்றாக ஒட்டிக்கொண்டார்கள், இடைப்பட்டவர்கள்தான் அதிகம் திணறினார்கள் என்று கண்டார். நீங்கள் எட்டாவது மாதத்தில் இருக்கிறீர்கள்! ஆனால் இதை ஜாதகம் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். 1998-ல் வெளியான ஓர் ஆய்வில் காலீன் வார்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நியூசிலாந்தில் படித்த ஜப்பானிய மாணவர்களைக் கவனித்தபோது, வந்து இறங்கிய தொடக்க நாட்களே மிகக் கடினமாக இருந்தன. எனக்கு இரண்டிலிருந்தும் புரிவது, இந்தச் சோர்வு உங்கள் குணத்திலுள்ள கோளாறு அல்ல, ஊர் மாறியவர்களுக்கு வருவதுதான் என்பது.

சொந்த வாழ்க்கை என்று நீங்கள் எழுதியிருப்பதில் ஆட்களே இல்லை, கவனித்தீர்களா? அம்மா இருக்கிறார், அதுவும் திரையில். ஸ்டீபன் போக்னர் என்ற உளவியலாளர் 1977-ல் வெளிநாட்டு மாணவர்களின் நட்புகளை மூன்றாகப் பிரித்தார். சொந்த நாட்டவர், உள்நாட்டவர், உங்களைப் போலவே வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். முதல் வட்டத்தில் நம் மொழியில் நம் போக்கில் இருக்கலாம். இரண்டாவது வட்டம் பெரும்பாலும் படிப்பு, அலுவலகம், படிவம் போன்ற காரியங்களுக்கு உதவுகிறது. மூன்றாவது வட்டத்தோடுதான் சேர்ந்து சுற்றுவதும் சிரிப்பதும் நடக்கிறது. பலர் முதல் வட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். உள்நாட்டு நண்பர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லையே என்று ஏங்குகிறவர்களும் உண்டு. அது மெதுவாகத்தான் நடக்கும், அவர்களுக்குப் பள்ளிக்கால நட்புகள் ஏற்கனவே இருக்கின்றன. உங்களைப் போலவே யாரையும் தெரியாமல் வந்தவர்களோடு பழகுவது எளிது.

ஒவ்வொரு முறையும் ‘போகலாமா வேண்டாமா’ என்று உங்களோடு நீங்களே வழக்காடுவதில்தான் பாதிச் சக்தி போகிறது. அதனால் வாரம் ஒருமுறை, அதே நாள், அதே நேரம் நடக்கிற எதிலாவது சேர்ந்துவிடுங்கள். பூப்பந்தோ, பாட்டுக் குழுவோ, மொழிப் பரிமாற்ற வகுப்போ, எதுவானாலும் சரி. இன்று என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியதில்லை, கிளம்பினால் போதும்.

அம்மா விஷயம். நெற்றியைக் காட்டிக்கொண்டு டைப் செய்யும் அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் படிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் என்று வையுங்கள். அந்த நாளில் லேப்டாப்பை மூடிவிட்டு முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். மற்ற நாட்களில் பேருந்தில் போகும்போது ஒரு நிமிடக் குரல் பதிவு. முதல் வாரம் அம்மா கோபப்படுவார். ஆனால் நாள் சொல்லிவிட்டுத் தவறாமல் கூப்பிட்டால் பதற்றம் குறையும், எப்போது வருமோ என்று காத்திருப்பதில்தான் பதறுகிறார்கள். அப்புறம், நன்றாக இருக்கிறேன் என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். சனி, ஞாயிறு கிடங்கில் நிற்பது அவருக்குத் தெரியுமா?

கடைசியாக, பாடத்தை விடுவது. விடலாம். அதில் தோல்வி எதுவும் இல்லை, ஆனால் நடைமுறையைச் சரியாகச் செய்ய வேண்டும். முழுநேர மாணவர் என்ற நிலையில்தான் விசா நிற்கிறது, அதனால் விடுவதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் முன் அனுமதி இல்லாமல் பாடச் சுமையைக் குறைத்தால் விசா நிலையே பாதிக்கப்படும். மருத்துவக் காரணம் என்றால், மருத்துவரோ உளவியல் மருத்துவ நிபுணரோ தரும் சான்றோடு அனுமதி வாங்க வழி இருக்கிறது. உங்கள் நாட்டு விதி வேறாக இருக்கும். பல்கலைக்கழகத்தில் மனநல ஆலோசகர் இருந்தால் இப்போதே நேரம் வாங்கிவிடுங்கள், பல இடங்களில் காத்திருப்போர் வரிசை நீளம். பாடத்திலிருந்து விலகும் கடைசித் தேதியையும் இன்றே பாருங்கள். அந்தத் தேதி தாண்டிவிட்டால், தேர்வுக்குப் போகாததைப் பல பல்கலைக்கழகங்கள் தோல்வி என்றே பதிவு செய்யும்.