பக்கத்துப் பாய்க்காரர் தூங்க விடமாட்டேங்கிறார்!

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயசு. பாம்பன்ல விசைப்படகில் கடலுக்குப் போறவன். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் கரையில் கிடந்தா குடி கூடும்னு பங்குச் சாமியார் சொல்லி, ஒரு கிறிஸ்தவ குடிமீட்பு இல்லத்தில் சேர்ந்திருக்கேன். பக்கத்துப் பாயில் படுக்கிறவர் எங்க ஊர்க்காரர், முறைக்கு மச்சான். நடுராத்திரி வரைக்கும் குடும்பக் கதையை அழுதுகிட்டே சொல்றார். வீட்டுக்கு வந்த தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயில் 3,000 கடன் கேட்கிறார். ஜெபக் கூட்டத்தில் நான் மனசு விட்டுச் சொன்னது அவர் வாய் வழியா ஊருக்கே போயிடுச்சு. விலகினா, ‘இதுதான் உன் கிறிஸ்தவ அன்பா?’ன்னு கேட்கிறார். என்ன செய்யட்டும்?

– பெயர் வேண்டாம், பாம்பன்.

பதில்: தம்பி, முதல்ல தூங்குங்க. குடியை விட்ட புதுசுல தூக்கம் லேசில் வராது. வர்ற கொஞ்சத் தூக்கமும் கெட்டா, உடம்பு மறுபடி பாட்டிலைத்தான் தேடும்.

இன்னைக்குச் சாயங்காலமே, விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க: “மச்சான், ராத்திரி ஜெபம் முடிஞ்சா நான் படுத்துடுவேன். காலையில் டீ குடிச்சிட்டு அரை மணி நேரம் உட்காருவோம், அப்ப சொல்லுங்க.” இதுக்கு மேல காரணம் அடுக்காதீங்க. நம்ம சனத்துக்கிட்ட ஒரு காரணம் சொன்னா பத்து சமாதானம் வரும், விடிஞ்சிடும். அப்படியும் ராத்திரி ஆரம்பிச்சா, பாயை மாத்தித் தரச் சொல்லி வார்டனைக் கேளுங்க. நானும் விடுதி வார்டனா இருந்தவதான். இப்படிக் கேட்க வந்த யாரையும் கோள் சொல்றவங்களா நான் நினைச்சதில்லை.

ஒண்ணு மட்டும் காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. செத்துடலாம்னு பேசினார்னா, அந்த நிமிஷமே வார்டனை எழுப்புங்க. ‘யார்கிட்டயும் சொல்லாதே’ன்னு சத்தியம் வாங்கியிருந்தாலும் சரி. 14416, அரசோட இலவச மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பாங்க.

பணம்? கிடையாது. அது உங்க வீட்டு உலைக்கு வந்த காசு.

ஜெபக் கூட்ட விஷயத்தில் எனக்கு நடத்துறவங்க மேலதான் கோபம். இங்கே பேசினது இந்த அறையை விட்டுப் போகக் கூடாதுன்னு ஒவ்வொரு கூட்டத்திலும் வாய்விட்டுச் சொல்லணும். குடிநோயாளிகள் கூடிப் பேசுற ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுக்கள் 1935-ல் அமெரிக்காவில் ஆரம்பிச்சது. வந்தவங்க யாருன்னு வெளியே விடாம இருக்கிறதாலதான் அங்கே நம்பிப் பேசுறாங்க. நீங்களும் கூட்டத்தில் எல்லாத்தையும் கொட்டணும்னு இல்லை. ‘குடிச்சேன், இன்னைக்குக் குடிக்கலை’ போதும். மிச்சத்தைச் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்தில் வைங்க, அவர் வாய் திறக்கக் கூடாது.

அன்பைப் பத்திக் கேட்டாரே, பைபிள்ல மாற்கு முதல் அதிகாரத்தைச் சேர்ந்து படிங்க. கப்பர்நகூமில் ஊரே வாசலில் கூடி நின்ன மறுநாள், இருட்டோட எழுந்து இயேசு தனியா ஜெபிக்கப் போயிட்டார். ‘எல்லாரும் உம்மைத் தேடுறாங்க’ன்னு சீமோன் வந்து சொல்லியும் திரும்பிப் போகலை, அடுத்த ஊருக்குக் கிளம்பினார்.

அதுக்காக மச்சானை ஒதுக்கிடாதீங்க. கிழிஞ்ச வலை ஒண்ணு கொண்டுவரச் சொல்லி, ரெண்டு பேரும் உட்கார்ந்து சரிபண்ணுங்க. கையில் வேலை இருந்தா ஆம்பளைங்க பேச்சு அளவா வரும். தடைக்காலம் முடிஞ்சு, ஜூன் 15-க்கு அப்புறம் ரெண்டு பேரும் ஒரே கரையில்தான் நிக்கணும். கடலுக்குப் போய்த் திரும்பி, கணக்குப் பார்த்துக் காசு கைக்கு வர்ற சாயங்காலம்தான் கடை இழுக்கும். அன்னைக்கு யார் யாருக்கு, எத்தனை மணிக்கு போன் போடணும்னு இப்பவே பேசி வைங்க.