1/8 பெரிதா, 1/4 பெரிதா: தராசிடமே கேளுங்கள்

வணக்கம் மேடம். எட்டு நான்கைவிடப் பெரியது, அதனால் 1/8தான் 1/4ஐவிடப் பெரியது என்று ஐந்தாம் வகுப்பு மகன் அடம்பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். காட்பாடியில் என் வகுப்பிலும் இதே கதைதான்.

நோட்டில் வட்டம் போட்டுக் காட்டுவதை விடுங்கள். ஒரு கிலோ மல்லாட்டை (வேர்க்கடலை), ஒரு தட்டுத் தராசு போதும், எடைக்கல்லே வேண்டாம். முள் நேராக நிற்கும்வரை இரண்டு தட்டிலும் அவனே பிரித்துப் போடட்டும். ஒரு தட்டில் இருப்பது அரைக் கிலோ. அதை மறுபடி பிரித்தால் கால் (1/4), இன்னொரு முறை பிரித்தால் அரைக்கால் (1/8), அதாவது 125 கிராம். (முதலில் இலவம்பாடி கத்தரிக்காயில் முயன்றேன். காய் பெரிது, தராசு முள் நேராக நிற்கவே இல்லை. சாம்பார்தான் மிச்சம்.)

அப்புறம் கேளுங்கள்: நாலு பேருக்குப் பங்கு போட்டால் அதிகம் கிடைக்குமா, எட்டு பேருக்குப் போட்டாலா? தின்கிற விஷயத்தில் பிள்ளைகள் தப்பவே மாட்டார்கள்.